யார் சாயலும் இல்லாமல்

ஒரு சிம்ஃபொனியின் ஸ்கோரைக் கையால் பிரதி எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இசைக்குழுவில் உள்ள ஒவ்வொரு வாத்தியமும் எந்தக் கணத்தில் எதை வாசிக்க வேண்டும் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்த புத்தகம்தான் ஸ்கோர். மேலே புல்லாங்குழல், அதன் கீழே ஓபோ, கிளாரினெட், பஸூன், பிறகு ஹார்ன், டிரம்பெட், டிரம்போன், டிம்பனி, கடைசியில் வயலின் தொடங்கி டபுள் பேஸ் வரை தந்தி வாத்தியங்கள். இத்தனை வரிகளையும் எழுதி ஒரு பக்கத்தை முடித்தால், வாசிக்கும்போது அந்தப் பக்கம் சில வினாடிகளில் ஓடிவிடும். நான் சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் வயலின் வாசித்துப் பிழைப்பவள். கம்ப்யூட்டரில் நோட்ஸ் அச்சடித்துத் தருவதற்கு முந்தைய காலத்தில், இசையமைப்பாளரின் ஸ்கோரிலிருந்து எங்களுக்கான பார்ட்டைப் பிரித்து எழுதித் தருகிற அண்ணன்களின் நடுவிரலில் காய்ப்பு ஏறியிருக்கும். ஐந்து நிமிடப் பாட்டுகளை எழுதியே அந்தக் காய்ப்பு.

1970-களில் தென்கொரியாவின் சியோல் நகரத்தில் ஒரு பள்ளி மாணவி, சைக்கோவ்ஸ்கியின் சிம்ஃபொனி ஸ்கோரை இரவல் வாங்கி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கூலிக்காக இல்லை. புத்தகத்தை விலைக்கு வாங்க வீட்டில் வசதி இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. எழுதினால் விளங்கும் என்று எழுதினாள். அது உண்மைதான். கண்ணால் படிக்கிறவர் தாண்டிப்போகிற இடங்களைக் கை தாண்ட முடியாது. இரண்டாவது கிளாரினெட் எட்டு பார் சும்மா இருந்துவிட்டு ஒரே ஒரு நோட்டுக்காக உள்ளே வருகிறதென்றால், அந்த எட்டு பார் ஓய்வையும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதுகிறபோது "ஏன் இங்கே?" என்ற கேள்வி தானாக வரும்.

அந்த மாணவிதான் உன்சுக் சின். இன்று உலகத்தின் முன்னணி இசைக்குழுக்கள் அவருடைய படைப்புகளை வாசிக்கின்றன. இசைத்துறையின் நோபல் என்று பத்திரிகைகள் அழைக்கும் எர்ன்ஸ்ட் ஃபான் சீமென்ஸ் இசைப் பரிசு 2024-ல் அவருக்குக் கிடைத்தது. தொகை 2,50,000 யூரோ. அதைப் பெற்ற முதல் ஆசிய இசையமைப்பாளர் அவர்தான்.

பரிசுப் பட்டியல் இன்னும் நீளம். எனக்கு அவர் மேல் ஆர்வம் வந்தது அதனால் அல்ல. பார்த்து எழுதியே கற்றுக்கொண்ட ஒருவர், பார்த்து எழுதும் பழக்கத்திலிருந்து எப்படி வெளியே வந்தார் என்பதைத்தான் நான் தேடித் தேடிப் படித்தேன். பிறர் எழுதியதைப் பிசகில்லாமல் வாசிக்கக் கற்றவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. தனக்கென்று ஒரு வரி எழுத உட்கார்ந்தால் அவர்களில் பலருக்குக் கை ஓடாது. எனக்கும்தான்.

சபையில் இருந்த பியானோ

உன்சுக் சின் பிறந்தது 1961 ஜூலை 14-ல். கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும், சின் என்பதை ஜின் என்றே உச்சரிப்பார்கள் என்பதால் ஊரில் அவர் ஜின் உன்சுக். கொரியப் போர் 1953-ல் ஓய்ந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சியோல் அப்போது ஏழை நகரம். அப்பா பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர். வீட்டில் பணம் இல்லாவிட்டாலும் சபையில் பியானோ இருந்தது. நொட்டேஷன் வாசிக்க அப்பா சொல்லிக்கொடுத்தார். மீதியை மகள் தானே பிடித்துக்கொண்டார். சிறு வயதிலேயே ஆராதனைகளுக்கும் திருமணங்களுக்கும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆராதனையில் வாசிப்பதைச் சின்ன வேலை என்று நினைக்கக் கூடாது. பாமாலைப் பாட்டு ஒவ்வொன்றும் நான்கு குரல்களுக்காக எழுதப்பட்டது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலும் தனித்தனியே நகர்ந்தாலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது பொருந்த வேண்டும். வாரா வாரம் அதை வாசிக்கிற குழந்தையின் விரல்களுக்கு ஹார்மனி என்பது பாடமாக அல்லாமல் பழக்கமாகப் போய்விடும். மேற்கத்திய இசை கொரியாவில் வேர்விட்டதில் மிஷனரிகளுக்கும் சபைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. உன்சுக் அந்த மண்ணில் வளர்ந்தவர்.

அவருக்கு இருந்த ஆசை பியானோ கலைஞராக வேண்டும் என்பது. அதற்கு நல்ல ஆசிரியர் வேண்டும், வீட்டில் நல்ல பியானோ வேண்டும், பல வருடம் கட்டணம் கட்ட வேண்டும். நடக்காது என்று தெரிந்தபோது மனம் இசையமைப்பின் பக்கம் திரும்பியது. அதற்குக் காகிதமும் பென்சிலும் இரவல் ஸ்கோர்களும் போதும். அந்தக் குடும்பத்தில் அக்கா ஜின் ஹ்வே-சுக் பின்னாளில் இசை விமர்சகரானார். தம்பி ஜின் ஜுங்-குவொன் அழகியல் அறிஞராகவும் கொரியாவில் பலரும் அறிந்த அரசியல் விமர்சகராகவும் ஆனார்.

சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இசையமைப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் உன்சுக் இரண்டு முறை தேறவில்லை. மூன்றாவது முறை இடம் கிடைத்தது. அங்கே அவருக்கு அமைந்த ஆசிரியர் காங் சுக்-ஹி. கொரியாவில் எலக்ட்ரானிக் இசைக்கு வழிதிறந்தவர், ஜெர்மனியில் படித்தவர். பூலெஸ், ஸ்டாக்ஹவுஸன், பெண்டரெட்ஸ்கி என்று போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் புதிய இசை முழுவதையும் மாணவர்கள் முன் கொண்டுவந்து வைத்தார். உன்சுக் அதையும் பழைய வேகத்தோடு உள்வாங்கினார். 1984-ல் அவருடைய 'கெஷ்டால்டன்' கனடாவில் நடந்த உலகப் புதிய இசை விழாவுக்குத் தேர்வானது. 1985-ல் மூன்று செல்லோக்களுக்கு எழுதிய 'ஸ்பெக்ட்ரா' நெதர்லாந்தின் காடியாமஸ் பரிசை வென்றது. இளம் இசையமைப்பாளர்களுக்கு அது பெரிய அங்கீகாரம். அதே ஆண்டில் ஜெர்மன் அரசின் உதவித்தொகை கிடைத்து, 24 வயதில் ஹாம்பர்க் போனார்.

"இதில் நீ எங்கே?"

ஹாம்பர்க்கில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கியோர்கி லிகெட்டி. ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படம் பார்த்தவர்கள் லிகெட்டியின் இசையைக் கேட்டிருப்பார்கள்; கருங்கல் தூண் தோன்றும்போது பல குரல்கள் கலங்கி மூட்டமாக எழுமே, அது அவருடையது. 1923-ல் பிறந்த ஹங்கேரி யூதர். தந்தையையும் தம்பியையும் நாஜி முகாம்களுக்குப் பலிகொடுத்தவர். 1956-ல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்த பிறகு எல்லை தாண்டித் தப்பி வந்தவர். கம்யூனிஸ்ட் அரசு இப்படித்தான் இசை எழுத வேண்டும் என்று விதித்ததை வெறுத்தார். மேற்கு ஐரோப்பாவுக்கு வந்து பார்த்தால் அங்கே புதுமைக்காரர்களும் தமக்குள் ஒரு விதிமுறை வைத்திருந்தார்கள். அதிலிருந்தும் விலகி நடந்தார். உன்சுக் போய்ச் சேர்ந்த சமயத்தில் அவர் மத்திய ஆப்பிரிக்கத் தாளங்களையும், மனிதக் கை வாசிக்க முடியாத வேகத்தில் தானியங்கிப் பியானோவின் காகிதச் சுருளில் துளை குத்தி எழுதிய கான்லான் நான்கரோவின் இசையையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பரிசு பெற்ற படைப்புகளோடு வந்த மாணவியிடம் அவர் சொன்னது சுருக்கமானது: இதையெல்லாம் தூக்கிப் போடு, இதில் உன்னுடையது என்று ஒன்றுமில்லை. உன்சுக் பின்னாளில் பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். கசப்பில்லாமல்தான் சொல்கிறார். ஆனால் அன்றைக்கு விழுந்த அடி பலமானது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எழுத வராமல் திண்டாடினார்.

லிகெட்டியை நல்ல ஆசிரியர் என்பதா, கல்நெஞ்சர் என்பதா என்று நண்பர்களோடு பேசியிருக்கிறேன். என் எண்ணம் இது. சைக்கோவ்ஸ்கியைப் பிரதி எடுக்கிற சிறுமிக்குத் தான் எடுப்பது பிரதி என்று தெரியும். ஸ்டாக்ஹவுஸனின் இலக்கணத்தில் புதிதாக ஒன்றை எழுதிப் பரிசும் வாங்கிய இளைஞருக்கு அது தெரியாது. ஒவ்வொரு நோட்டும் தன் கையால் வந்தது, அதனால் தன்னுடையது என்றே நம்புவார். அதுவும் பிரதிதான் என்று ஒரு கச்சேரியோ பரிசுக்குழுவோ சொல்லாது. கேட்பவர்கள் ஏற்கனவே பழகிய மொழியில் இருப்பதால் கைதட்டத்தான் செய்வார்கள். யாராவது ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். லிகெட்டி சொன்னார். ஆனால் "இது உன்னுடையது அல்ல" என்று காட்டியவர், "உன்னுடையது இது" என்று காட்டவில்லை. அதைக் காட்ட எந்த ஆசிரியராலும் ஆகாது.

ஒலியைப் பிரித்துப் பார்த்தல்

1988-ல் உன்சுக் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். இன்றுவரை அதுதான் அவர் ஊர். அங்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரானிக் இசைக்கூடத்தில் வேலை செய்யத் தொடங்கினார். காகிதத்தில் எழுத வராதவருக்கு டேப்பும் மெஷினும் புதிய பள்ளிக்கூடமாயின.

அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு மணியை அடிக்கிறோம். காதுக்கு அது ஒரே ஒலி. உண்மையில் அடித்த கணத்தில் எழும் 'டண்' ஒன்று, அதைத் தொடர்ந்து நீளும் ரீங்காரம் ஒன்று, அந்த ரீங்காரத்துக்குள் வெவ்வேறு உயரத்தில் பல மெல்லிய சுரங்கள். ஸ்டூடியோவில் அந்த முதல் 'டண்'ணை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுக் கேட்டால் மணி என்று அடையாளமே தெரியாது. வயலின் ஏன் வயலினாக ஒலிக்கிறது, ஓபோ ஏன் ஓபோவாக ஒலிக்கிறது என்பதும் இப்படிப்பட்ட நுண்பொருள்களின் கலவைதான். இதைத் தெரிந்துகொண்டவர் திரும்ப இசைக்குழுவுக்கு எழுத வரும்போது, "இங்கே வயலின், அங்கே புல்லாங்குழல்" என்று யோசிப்பதில்லை. ஹார்ப்பின் மீட்டலுக்கு மரிம்பாவின் தட்டலையும், செலஸ்டாவின் மினுக்கத்தையும், எங்கோ நீளும் ஒரு வயலின் சுரத்தையும் சேர்த்தால் உலகத்தில் இல்லாத ஒரு வாத்தியம் பிறக்கிறது. கேட்பவருக்கு எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. உன்சுக் சின் என்றால் இன்று இசைக்குழுக்காரர்கள் முதலில் சொல்வது இந்தப் பளபளப்பைத்தான்.

முதலில் உலகம் திரும்பிப் பார்த்த படைப்பு 'அக்ரோஸ்டிகான்-வோர்ட்ஷ்பீல்'. சோப்ரானோ பாடகிக்கும் சிறு இசைக்குழுவுக்குமான ஏழு காட்சிகள். லூயிஸ் கேரலின் கண்ணாடி உலகத்து ஆலிஸ் கதையிலிருந்தும், ஜெர்மன் எழுத்தாளர் மிகேல் எண்டேயின் முடிவற்ற கதையிலிருந்தும் சொற்களை எடுத்து, அவற்றைப் பின்னாலிருந்து முன்னாக வாசித்து, உயிரையும் மெய்யையும் பிரித்து அடுக்கி, அர்த்தமே இல்லாமல் ஆக்கிவிட்டார். பாடகி முழு நாடகத்தையும் ஆடுவார். கொஞ்சுவார், மிரட்டுவார், புலம்புவார், நமக்கு ஒரு சொல்லும் புரியாது, நடப்பது எல்லாம் புரியும். மொழிக்கு அடியில் இருக்கும் குரலின் பாவம் மட்டும் மிஞ்சுகிறது. 1993-ல் ஜார்ஜ் பெஞ்சமின் நடத்த லண்டனில் முழுமையாக அரங்கேறியது. அடுத்த ஆண்டிலிருந்து பூஸி அண்ட் ஹாக்ஸ் என்ற பெரிய பதிப்பகம் அவருடைய ஸ்கோர்களை வெளியிடுகிறது. பாரிஸின் என்சாம்பிள் ஆந்தர்கோந்தாம்போரேன், அமெரிக்காவின் க்ரோனோஸ் குவார்ட்டெட் என்று புதிய இசைக்கான குழுக்கள் அவரிடம் எழுதி வாங்கத் தொடங்கின.

வெறுந்தந்தியிலிருந்து ஒரு கான்செர்டோ

கான்செர்டோ என்பது ஒரு தனி வாத்தியத்தை முன்னிறுத்தி இசைக்குழுவோடு வாசிக்க எழுதுவது. அவற்றில் எனக்கு நெருக்கமானது அவருடைய முதல் வயலின் கான்செர்டோ. 2002 ஜனவரியில் பெர்லினில் விவியன் ஹாக்னர் வாசிக்க, கென்ட் நகானோ நடத்த முதலில் ஒலித்தது. நான்கு பகுதிகள், அரை மணிக்குச் சற்றுக் குறைவான நேரம். 2004-ல் இதற்காகத்தான் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகம் வழங்கும் க்ராவமயர் விருது கிடைத்தது; அப்போது அதன் தொகை 2,00,000 டாலர்.

வயலின் கற்கிறவர் முதல் நாளில் வாசிப்பது வெறுந்தந்தி. கர்நாடக இசையில் நாம் நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சேர்த்துக்கொள்கிறோம். மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ என்று ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து ஒரு பஞ்சமம் தள்ளி நிற்கும். தேர்ந்த கலைஞர்கள் வெறுந்தந்தியைக் கூடியவரை தவிர்ப்பார்கள். விரலின் அசைவு அதில் ஏறாது, ஒலி மொட்டையாக நிற்கும். உன்சுக் அந்த நான்கு சுரங்களையே கட்டுமானக் கல்லாக எடுத்துக்கொண்டார். அவற்றின் மேல் ஹார்மானிக்ஸ். தந்தியை அழுத்தாமல் விரலால் சும்மா தொட்டு வில்லைப் போட்டால் கேட்குமே, விசில் போன்ற மெல்லிய ஒலி, அதுதான். அந்த எளிய பஞ்சமங்களிலிருந்து கிளைவிட்டு, பெரிய தாள வாத்தியக் கூட்டத்தோடு மோதி, சில இடங்களில் கையே இரண்டாகப் பிய்ந்துவிடும்போல வேகமெடுக்கிறது. வாசிக்கிறவருக்கு மூச்சுவிட இடமில்லை. அந்தப் பார்ட்டை எடுத்துவைத்து மெதுவான டெம்போவில் தடவிப் பார்த்தேன். என் கைக்கு எட்டாத இடங்களே அதிகம். ஆனால் ஒவ்வொரு கடினமும் வயலினுக்குள்ளிருந்து வந்தது. பியானோவில் யோசித்து வயலின்மேல் ஏற்றியது இல்லை. ஒரே வாத்தியத்துக்கு இரண்டாவது கான்செர்டோ எழுதுவதில்லை என்று அவர் ஒரு கொள்கை வைத்திருந்தார். கிரேக்க வயலின் கலைஞர் லியோனிடாஸ் கவாகோஸின் வாசிப்பைக் கேட்ட பிறகு அதைத் தளர்த்தி இரண்டாவதையும் எழுதினார். 2022 ஜனவரியில் லண்டனில் அது அரங்கேறியது.

இதில் கொரியா எங்கே?

ஆசியாவிலிருந்து வந்த இசையமைப்பாளர் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வி முதல் வரிசையில் காத்திருக்கும். உன்சுக்குக்கு முன்னால் ஐரோப்பாவில் பேர் பெற்ற கொரியர்கள் இதற்குத் தங்கள் பதிலைக் கொடுத்திருக்கிறார்கள்.

மூத்தவர் இசாங் யுன். கொரிய அரசவை இசையில் ஒரு சுரம் தனியாக நீண்டு, வளைந்து, நடுங்கி உயிர்வாழும் விதத்தை மேற்கத்திய வாத்தியங்களுக்குள் கொண்டுவந்தவர். 1967-ல் வட கொரிய உளவாளி என்று குற்றம்சாட்டி, தென்கொரிய உளவுத்துறை அவரை மேற்கு பெர்லினிலிருந்து கடத்திச் சென்று சிறையில் போட்டது. முதலில் ஆயுள் தண்டனை. ஸ்ட்ராவின்ஸ்கி, காராயன் போன்ற இசைக்கலைஞர்கள் திரண்டு மனுப் போட்ட பிறகு 1969-ல் விடுதலையானார். பிறகு ஊர் திரும்ப முடியாமலே 1995-ல் பெர்லினில் இறந்தார். அவருடைய அஸ்தி 2018-ல்தான் அவர் வளர்ந்த கடற்கரை நகரமான தோங்யோங்குக்கு வந்தது.

இன்னொருவர் யோங்கி பாக்-பான். 1945-ல் பிறந்தவர், 1974-ல் ஜெர்மனி போனார். அவருடைய 'சோரி' 1980-ல் டோனாவெஷிங்கன் புதிய இசை விழாவில் ஒலித்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் குவாங்ஜு நகரில் ஜனநாயகம் கேட்டு எழுந்த மக்களை ராணுவம் சுட்டுக் கொன்றிருந்தது. நாட்டின் வலியையும் நாட்டுப்புற ஒலியையும் அவர் தன் இசையில் சுமந்தார். 1994-ல் ப்ரேமன் நகரில் இசையமைப்புப் பேராசிரியரானார். ஜெர்மனியில் அந்த நாற்காலியில் பெண்கள் அரிது.

உன்சுக் இவர்கள் வழியில் போகவில்லை. கொரிய இசையமைப்பாளர், ஆசியப் பெண் இசையமைப்பாளர் என்ற முத்திரைகள் அவருக்குப் பிடிக்காது. அதை மறைத்ததும் இல்லை. பாமாலையிலும் சைக்கோவ்ஸ்கியிலும் வளர்ந்த பெண்ணிடம் போய் "உன் மரபு எங்கே?" என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? அந்தச் சபைப் பியானோதான் அவர் மரபு. லிகெட்டியின் அடிக்குப் பிறகு அவர் கொரிய மெட்டுகளைத் தேடி எடுத்து ஒட்டியிருந்தால் ஐரோப்பா உடனே கைதட்டியிருக்கும். அது இன்னொரு பிரதியாகத்தான் இருந்திருக்கும்.

ஊர் அவருடைய இசைக்குள் வேறு வாசல் வழியாக வந்தது. 2008, 2009-ல் ஹாங்காங்குக்கும் சீனாவின் குவாங்ஜோவுக்கும் போனபோது, பழைய தெருக்களையும் சந்தைகளையும் பார்த்து 1960-களின் சியோல் நினைவுக்கு வந்ததாகச் சொல்கிறார். அப்போது புறநகர்களில் நாடோடிக் கூட்டம் ஒன்று வரும். பாட்டு, ஆட்டம், குறி சொல்லுதல், கோமாளித்தனம் எல்லாம் நடக்கும்; முடிவில் தாங்களே காய்ச்சிய மருந்தை விற்பார்கள். நம் சந்தைகளில் பாம்பையும் கீரியையும் சண்டைக்கு விடுவதாகச் சொல்லிச் சொல்லியே லேகியம் விற்றுவிட்டுப் போனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நினைவிலிருந்து எழுந்தது 'கூகலோன்'. ஆறு காட்சிகள். பொய்ப்பல் வைத்து இளிக்கும் குறிகாரி, வழுக்கைத்தலைப் பாடகரின் ஒப்பாரி, குடிசைகளைச் சுற்றி ஆட்டம், போலி வைத்தியரின் சடையைப் பிடிக்கத் துரத்தல் என்று தலைப்புகளே சிரிக்கவைக்கும். உண்மையான கொரிய மெட்டு ஒன்றுகூட அதில் வைக்கவில்லை. எங்குமே இல்லாத ஊரின் தெருக்கூத்து இசையைக் கற்பனையாகச் செய்திருக்கிறார்.

'ஷு' என்ற கான்செர்டோ இன்னொரு வாசல். 2009-ல் டோக்கியோவில் அரங்கேறியது. தனி வாத்தியம் ஷெங்: மூங்கில் குழாய்களை ஒரு கிண்ணத்தில் செருகி, வாயால் ஊதியும் உறிஞ்சியும் வாசிக்கும் மிகப் பழைய சீன வாத்தியம். கொரியாவிலும் அதன் உறவு வாத்தியம் உண்டு. அதன் உள்ளே அதிரும் சிறு உலோக நாக்குதான் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களுக்கு யோசனை கொடுத்து, மவுத் ஆர்கனாக, அக்கார்டியனாக, ஆர்மோனியமாக மாறி நம் நாடக மேடை வரைக்கும் வந்தது. சிறுவயதில் தொலைவிலிருந்து கேட்ட அந்த ஒலி மனத்தில் தங்கிவிட்டதாக உன்சுக் சொல்லியிருக்கிறார். ஆனால் சீன வாத்தியக் கலைஞர் வு வெயின் கையில் அது புதிய வித்தைகள் செய்வதைக் கேட்ட பிறகுதான் அதற்கு எழுதத் துணிந்தார். அதுவரை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் வாத்தியத்தைத் தன் மேடையில் அலங்காரமாக நிறுத்திவைக்க அவர் விரும்பவில்லை.

கனவுகளை எழுதுபவர்

பேட்டிகளில் அவர் அடிக்கடி பேசுவது கனவைப் பற்றி. கனவில் காணும் பெரிய வெளிச்சத்தையும் நிறங்களையும் ஒலியாக்கப் பார்க்கிறேன் என்பார். அவர் மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுபவர். பியானோவில் தட்டிப் பார்த்து எழுதுபவர் அல்ல. 2007 ஜூன் 30-ல் ம்யூனிக்கில் பவேரிய அரசு ஓபரா அரங்கேற்றிய 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' அந்தக் கனவு உலகத்தின் பெரிய வடிவம். நாடக ஆசிரியர் டேவிட் ஹென்றி ஹ்வாங்கோடு சேர்ந்து வசனத்தையும் எழுதினார். கேரலின் கதையில் ஆலிஸ் ஆற்றங்கரையில் தூங்கி, கடைசியில் விழித்துக்கொள்வாள். உன்சுக் அந்தத் தொடக்கத்தையும் முடிவையும் விட்டுவிட்டுத் தன் சொந்தக் கனவுகளை வைத்தார். ஹூக்கா பிடிக்கும் கம்பளிப்பூச்சிக்குப் பாடகர் கிடையாது. ஒரு பேஸ் கிளாரினெட் தனியே வாசிக்கும். ஆலிஸை ஓபராவாக்க வேண்டும் என்று லிகெட்டியே நெடுநாள் ஆசைப்பட்டார். முடியாமல் 2006 ஜூனில் காலமானார். மாணவியின் ஓபரா வந்தது அடுத்த ஆண்டில்.

இரண்டாவது ஓபரா 'நிலவின் இருண்ட பக்கம்' 2025 மே மாதம் ஹாம்பர்க்கில் அரங்கேறியது. குவாண்டம் இயற்பியலாளர் வோல்ஃப்காங் பவுலி தன் கனவுகளோடு உளவியலாளர் யுங்கிடம் போனதுதான் கதையின் விதை. இம்முறை வசனமும் அவருடையதே. விமர்சகர்கள் இசையைக் கொண்டாடிய அளவுக்கு வசனத்தைக் கொண்டாடவில்லை.

சொந்த நாடு அவரைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. 2006-ல் சியோல் ஃபில்ஹார்மோனிக் தன் இசையமைப்பாளராக அழைத்தது. அங்கே 'ஆர்ஸ் நோவா' என்ற கச்சேரித் தொடரைத் தொடங்கி, கொரியா அதுவரை கேட்டிராத 20-ஆம் நூற்றாண்டு இசையைக் கேட்கவைத்தார். இளம் இசையமைப்பாளர்களுக்கு வகுப்பும் எடுத்தார். 2018 தொடக்கத்தில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 2022 முதல் தோங்யோங் சர்வதேச இசை விழாவின் கலை இயக்குநர். இசாங் யுன்னின் நினைவில் வளர்ந்த விழா அது. யுன்னின் பாணியை ஒரு நாளும் பின்பற்றாத ஒருவர் கையில் அந்த விழா இருப்பதில் எனக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

எங்கிருந்து கேட்கலாம்?

பழக்கமில்லாத காதுக்கு இந்த இசை முதலில் மிரட்டலாக இருக்கும். வரிசை வைத்துக் கேட்டால் பிடிபடும். முதலில் 'சுபிட்டோ கான் ஃபோர்ட்சா'. பேத்தோவனின் 250-ஆம் பிறந்த ஆண்டுக்காக 2020-ல் எழுதியது, ஐந்து நிமிடம்தான். பேத்தோவனின் கொரியோலான் முன்னிசையின் முதல் அடி விழும், அடுத்த நொடி தரை நழுவும். பிறகு 'கூகலோன்', தலைப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது 'ஷு'. அடுத்து 'ரோசனா', ஓலஃபுர் எலியாசன் என்ற கலைஞர் ஒளியையும் நீரையும் கொண்டு அமைத்த கூடங்களைப் பார்த்து எழுதியது, சம்ஸ்கிருதத் தலைப்பு. அதற்கப்புறம் வயலின் கான்செர்டோ. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் 2023-ல் வெளியிட்ட உன்சுக் சின் தொகுப்பில் அது கிறிஸ்டியான் டெட்ஸ்லாஃப் வாசிப்பில் இருக்கிறது.

மெட்டு எங்கே என்று தேடாதீர்கள். நீண்ட மெட்டு அதிகம் கிடைக்காது. எந்த ஒலி எந்த வாத்தியத்திலிருந்து வருகிறது என்று பிடிக்கப் பாருங்கள். நாற்பது வயலின்களுக்கு நடுவே உட்கார்ந்து காது பழகியவள் நான். எனக்கே பாதி இடங்களில் பிடிபடவில்லை. இன்னொன்றும் செய்யலாம். இசை படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பிடித்த ஒரு பாட்டின் பார்ட்டை ஒரு பக்கமாவது கையால் எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் கிளாரினெட்டின் எட்டு பார் ஓய்வையும் சேர்த்துத்தான். அது பழைய முறை என்று யாராவது சொன்னால் உன்சுக் சின் பெயரைச் சொல்லுங்கள். ஒருநாள் அந்தப் பிள்ளை தானாக எழுதிக் கொண்டுவரும். அதைக் கேட்டு "அப்படியே இன்னார் மாதிரி இருக்கிறது" என்று நாம் மெச்சிக்கொள்வது வழக்கம். அதை மெச்சலாக எடுத்துக்கொள்ளாத பிள்ளையாக அது வளரட்டும்.